உப்பு ஒட்டாத கிளாஸ்

கண்ணாடியக்காவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று அந்த பாரில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். காரணம் எப்போதும் இருக்கும். அதைக் காதுகொடுத்துக் கேட்கத்தான் ஒருவருக்கும் நேரம் இருக்காது.

அவள் கண்ணாடி போடுகிறவள் இல்லை. ஐம்பத்து மூன்று வயதிலும் ஒரே குத்தில் ஊசிக்கு நூல் கோத்துவிடுவாள். தெருமுனை பாரில் பீர் கிளாஸ் கழுவுகிற வேலை, அதனால் அந்தப் பெயர். கிளாஸ் கழுவ ஒரு தனி ஆளா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இந்த வேலைக்கு வருமுன் பத்தொன்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே சேர்ந்த புதிதில் ஒரு தப்பு நடந்தது. சரியாக அலசாத குழாய் ஒன்றில் ஒரு மனிதரின் ரத்தத்தை ஊற்றிப் பார்த்து, சர்க்கரை வியாதி என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் ஆறு மாதம் இனிப்பைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருந்து, மகள் கல்யாணத்தில்கூட வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்து, அப்புறம் வேறு இடத்தில் சோதித்தபோது அவருக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. நேரே கூடத்துக்கு வந்து நின்று அவர் கத்திய கத்தல் இன்னமும் அக்காவின் காதில் இருக்கிறது. அந்தக் குழாயைக் கழுவியது அவள்தானா, பக்கத்தில் நின்றவளா என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வைப்பாள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக விரிந்து வழியும். அழுக்கு இருந்தால் சொட்டுச் சொட்டாக நிற்கும். பார்க்க ஒரு நொடிதான் ஆகும். அந்த ஒரு நொடியைச் செலவழிக்காதவர்களை அவளுக்கு அறவே பிடிக்காது.

பிறகு கூடத்துக்குக் கழுவுகிற இயந்திரம் வந்தது, அக்கா வெளியே வந்தாள். இயந்திரம் தன்னைவிட நன்றாகக் கழுவும் என்று எவனாவது சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

பாருக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு ஒன்று புரிந்தது. பீரும் ரத்தம் மாதிரிதான், கண்ணாடியில் இருக்கிற அழுக்கைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பொட்டு எண்ணெய்ப் பசை இருந்தால் போதும், நுரை நிற்காது. நுரை போனால் வாசனை போச்சு, குடிக்கிறவன் பீரைக் குறை சொல்வான். அவள் ஒரே ஒரு தடவை ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறாள். "பேதி மருந்தே தேவலை" என்று துப்பிவிட்டாள். ஆனால் அவள் கழுவிய கிளாஸில் நுரை கடைசி வாய் வரைக்கும் நிற்கும். குடித்து முடித்த கிளாஸில், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையமாக, உள்பக்கம் நுரை ஒட்டியிருக்கும். அந்த வளையங்களைப் பார்த்தால்தான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஆகவே மூன்று சட்டங்கள். கிளாஸ் தொட்டிக்குள் தட்டோ கரண்டியோ வரக் கூடாது. கிளாஸைத் துணியால் துடைக்கக் கூடாது. கம்பி வலைமேல் கவிழ்த்து, தானாக உலரவிட வேண்டும். அவள் தொட்டிக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே சுவரில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தாள். இந்தப் பக்கம் அவள் நாடு. அந்தப் பக்கம் சமையல்காரர் நாடு.

சமையல்காரர் அவளைவிட எட்டு வயது சின்னவர். ஆள் உயரமில்லை, கை மட்டும் முறம் மாதிரி. சமையலில் கெட்டிக்காரர், பாத்திரம் கழுவுவதில் மகா சோம்பேறி. கையில் இருக்கிற கரண்டியை எந்தத் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதோ அதில் முக்கி எடுப்பார். இதற்காக மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். போன மாதம் அவர் ஒரு கரண்டியை அவள் தொட்டியில் அலசியதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். கரண்டி பின்வாசல் வழியாகச் சந்துக்குப் பறந்தது. சமையல்காரர் அவள் வாளியை உதைத்தார். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார்.

"போதும், நிறுத்துங்க! இன்னொரு தடவை இந்தத் தொட்டிக்காகச் சண்டை வந்துச்சுன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யார் மேல தப்போ அவங்க போகணும். அவ்வளவுதான்."

அக்காவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. தப்பு தன் பக்கம் வரவே வராது என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

முதலாளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கெட்டவர் இல்லை, காது மட்டும் வேண்டியபோது கேட்கும். கிளாஸ் கழுவுகிற தூள் காரமானது, தோலைத் தின்றுவிடும். அக்காவின் விரல் இடுக்குகள் எல்லாம் வெடித்துப் போயிருந்தன. அவள் கையுறை கேட்டாள். அவரும் ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தார், கடையில் தன் கையில் போட்டுப் பார்த்து. அக்காவின் கைக்கு அது பை மாதிரி தொளதொளவென்று தொங்கியது. கிளாஸைப் பிடித்தால் கையுறையோடு கிளாஸும் நழுவும். "சின்ன சைஸ் வாங்கிக் குடுங்க" என்றாள். "அடுத்த தடவை பாக்கலாம்கா" என்றார். மூன்று வருஷமாகியும் அந்த அடுத்த தடவை வரவில்லை. பெட்டி அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது. அவள் வெறுங்கையோடு கழுவினாள்.

வீட்டில் மருமகள் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். மாமியாரும் மருமகளும் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும், ஆனாலும் ஒரு நாள் அவள் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். மெழுகும் எண்ணெயும் கலந்த களிம்பு. "வேலைக்குப் போறப்ப வேணாம் அத்தை. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி தடவுங்க, வெடிப்பு மூடிக்கும்" என்றாள். அக்கா வாங்கி, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் பாரில் பீப்பாய் திறப்பு நடக்கும். எங்கேயோ ஒரு கொட்டகையில் சின்ன அளவில் பீர் காய்ச்சுகிற யாரையாவது முதலாளி அழைப்பார். அவர் கொண்டுவந்த புதுப் பீப்பாயின் அடைப்பில் பித்தளைக் குழாயை வைத்து, மரச்சுத்தியலால் மூன்று அடி. பீர் பீறிட்டு யார் சட்டையாவது நனைந்தால் கூடம் முழுக்கக் கைதட்டும். கூடவே அந்த பீருக்குப் பொருத்தமான மூன்று சின்னத் தட்டுகள் வரும். முதலில் இதைக் கடி, பிறகு ஒரு வாய் குடி என்று அச்சடித்த அட்டையில் இருக்கும். ஜனங்களுக்கு அது பிடித்துப் போய், இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

இந்த மாதம் வந்தவர் ஒரு வாத்தியார். கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு பீர் காய்ச்சக் கிளம்பிவிட்டார். வறுத்த பார்லியில் செய்த கறுப்பு பீர். அதற்கு என்ன பொருந்தும் என்று அவரும் சமையல்காரரும் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஓரம் கருகும் அளவுக்குச் சுட்ட பூசணி, பொரித்த மீன், கசப்புச் சாக்லேட் என்று முடிவானது. முதன்முறையாக அட்டையில் 'சமைத்தவர்' என்று சமையல்காரரின் பெயரையும் போட்டிருந்தார்கள். மனிதர் அந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து நான்காக மடிக்காமல், ஓரம் மடங்காமல், சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை அக்கா பார்த்தாள். பெரிய சாதனை என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டாள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. ருசி பார்க்கச் சின்ன கிளாஸ்தான் அழகு என்று முதலாளி புதிதாக அறுபது வாங்கி வந்தார். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற அளவு. அக்காவின் தொட்டியில் நிமிர்ந்து நிற்கிற பிரஷ் அதன் வாய்க்குள் நுழையவில்லை. ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பஞ்சால் தேய்க்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அடியில் காகித ஸ்டிக்கர். தொட்டி ஓரத்தில் சமையல்காரரின் கரண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. அவள் அதை இரண்டு விரலால் தூக்கி எல்லைக்கு அப்பால் எறிந்தாள். சண்டை போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் பன்னிரண்டு கிளாஸை முடித்து, ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் படலமாக வழிந்தது. கவிழ்த்து வைத்தாள். அதற்குள் வலது கைக் கட்டைவிரல் இடுக்கு பிளந்து ரத்தம் வந்துவிட்டது. தூள் தண்ணீர் பட்டதும் உயிர் போனது. டீ குடிக்க உட்கார்ந்தபோது பையைத் துழாவி, அந்த டப்பாவை எடுத்து, வெடிப்புகளில் களிம்பை அழுத்தித் தடவினாள். எரிச்சல் அடங்கியது. மருமகளுக்கு மூளை இருக்கிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி எட்டிப் பார்த்தார். "அக்கா, அஞ்சு மணிக்கு இல்ல, நாலு மணிக்கே ஆரம்பிக்கிறோம். வர்றவங்க பாதிப் பேருக்கு வேற எங்கயோ போகணுமாம். கிளாஸ் ரெடியா?"

"ரெடியான்னு கேக்குற மூஞ்சியப் பாரு. அறுபது கிளாஸ இன்னைக்குக் காலையில கொண்டாந்து கொட்டிட்டு" என்று அவள் சொன்னது அவர் போன பிறகு. எழுந்து, கையை ஒரு தடவை தண்ணீரில் காட்டிவிட்டு, மிச்சம் நாற்பத்தெட்டையும் விறுவிறுவென்று முடித்தாள். ஒன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழுவிய கை, பார்க்காமலே தெரியும்.

நாலு மணிக்குக் கூடத்தில் நாற்பது பேர். முதலாளியும் அவர் மனைவியும் கிளாஸ்கள் அடுக்கிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார்கள். வாத்தியார் சுத்தியலை ஓங்கினார். மூன்றாவது அடியில் பீர் பீறிட்டு அவர் மூக்குக்கண்ணாடியையே நனைத்தது, ஒரே சிரிப்பு. முதல் தட்டில் பன்னிரண்டு கிளாஸ். கறுப்பு பீர், மேலே பழுப்பு நுரை, விரல் தடிமனுக்கு. முன்வரிசையில் இருந்தவர்கள் மோந்து பார்த்து "அடடா" என்றார்கள். சமையல்கட்டுக் கதவிடுக்கில் நின்று அக்கா அதைப் பார்த்தாள்.

இரண்டாவது தட்டு வந்தது. ஊற்றும்போது நுரை எழுந்தது, மேசைக்குப் போவதற்குள் காணோம். ஆறிப்போன காப்பி மாதிரி கறுப்பாகக் கிடந்தது. மூன்றாவது தட்டும் அப்படியே. பின்வரிசையில் ஒருவர் கிளாஸை ஆட்டிப் பார்த்து, "செத்துப் போச்சேப்பா" என்றார். சிலர் சிரித்தார்கள். வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து பீப்பாயைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி பீப்பாயைப் பார்த்தார்.

முதலாளி தாழ்ந்த குரலில், "என்ன வாத்தியாரே, பீர் இப்படியா? இதை நம்பியா உங்க பீருக்கு நம்ம பார்ல நிரந்தரமா ஒரு குழாய் குடுக்கிறதாச் சொன்னேன்?" என்றார்.

அக்காவுக்குச் சுரீரென்று ஏறியது. ஒரே பீப்பாய், இரண்டு நிமிஷ இடைவெளி, பீர் எப்படிச் சாகும்? கதவைத் தள்ளிக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தாள். அப்ரனோடு, ஈரக்கையோடு.

"பீரைக் குறை சொல்லாதீங்க முதலாளி. பீர்ல ஒண்ணுமில்ல. கிளாஸ்ல பசை இருக்கு."

"பொரிச்ச மீன் சாப்பிட்ட வாய்ல குடிச்சா நுரை போகத்தானேம்மா செய்யும்?" என்றார் வந்தவர்களில் ஒருவர், எல்லாம் தெரிந்தவர் போல.

"இன்னும் மீன் தட்டே வரலையே சார், அதுக்குள்ள எப்படிச் சாப்பிட்டீங்க?" என்றாள். "இருங்க, உப்பு எடுத்துட்டு வர்றேன்."

உள்ளே போய்ச் சமையல்காரரின் மேசையிலிருந்தே உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். ஊற்றாமல் வைத்திருந்த ஒரு கிளாஸைத் தண்ணீரில் முக்கி உதறி, உள்ளே உப்பைத் தூவினாள். சுத்தமான கண்ணாடியில் உப்பு பனி படர்ந்த மாதிரி எங்கும் ஒட்ட வேண்டும். இதில் பாதி இடத்தில் ஒட்டவே இல்லை, வழுக்கிக்கொண்டு அடியில் போய் விழுந்தது. வாத்தியார் ஓடிவந்து பார்த்தார். "அக்கா சொல்றது சரி. கொழுப்புதான் இது" என்றார். அவருக்கு மூச்சு வந்துவிட்டது.

"யாரு வேலை தெரியுமா?" அக்காவின் குரல் கூடத்தின் அந்தக் கோடி வரை கேட்டது. "மூணு வருஷமாத் தலைபாடா அடிச்சுக்கிறேன், என் தொட்டியில கரண்டிய விடாதேன்னு. இன்னைக்குக் காலையிலயும் கிடந்துச்சு. கேளுங்க, இல்லேன்னு சொல்லட்டும்."

சமையல்காரர் மீன் பொரித்த கையோடு வாசலில் வந்து நின்றிருந்தார். "கரண்டிய ஓரத்துல சாத்தி வெச்சேன். உள்ள போடலக்கா. சத்தியமாப் போடல."

"ஓரத்துல வெச்சது வழிஞ்சு உள்ள போகாதா? உனக்கு என்ன, உன் பேரு அட்டையில வந்தாச் சரி. ஊரான் உழைப்பு எக்கேடு கெட்டா என்ன!"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்குக் குற்றவாளி ஒருவர் தேவைப்பட்டார், அவரும் கிடைத்துவிட்டார். "அன்னைக்கே சொன்னேன்ல? அப்ரனைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்புங்க" என்றார்.

சமையல்காரர் அப்ரனைக் கழற்றி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அக்கா வெற்றியோடு தன் தொட்டிக்குத் திரும்பினாள். "பத்து நிமிஷம் குடுங்க, எல்லாத்தையும் திரும்பக் கழுவித் தர்றேன்" என்று முதலாளியிடம் சொல்லியிருந்தாள். தொட்டியைக் காலிசெய்து, தேய்த்து, புதுத் தண்ணீர் பிடித்து, புதுத் தூள் போட்டாள். முதல் கிளாஸை எடுத்து, விரலை விட்டுத் தேய்த்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது.

பஞ்சில்தான் பசை என்று நினைத்தாள். புதுப் பஞ்சு எடுத்தாள். தேய்த்தாள், அலசினாள், தூக்கினாள். சொட்டு. தூள் சரியில்லையோ என்று இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாள். சொட்டு. மூன்றாவது தடவை தூக்கியபோது கண் கிளாஸில் நிற்கவில்லை, கிளாஸைப் பிடித்திருந்த கையில் போய் நின்றது. கட்டைவிரலிலும் முட்டியிலும் தண்ணீர் முத்து முத்தாக நின்றுகொண்டிருந்தது. கையை மூக்குக்குக் கொண்டு போனாள். மெழுகு வாசனை.

அடிப்பாவி என்றாள். யாரையும் இல்லை, தன்னைத்தான்.

மருமகள் சொன்னாளே, வேலைக்குப் போகும்போது வேண்டாம் என்று. எனக்குத் தெரியும் என்றாயே. தூக்கிப் பார்க்க ஒரு நொடி ஆகியிருக்குமா? ஊரில் உள்ளவனையெல்லாம் அந்த ஒரு நொடிக்காகத் திட்டினாயே! அவளுக்கு வந்த கோபத்தில் அந்தக் கிளாஸைச் சுவரில் அடித்திருப்பாள். அடிக்கவில்லை. நின்று யோசித்தாள். யாருக்கும் தெரியாது. கையைத் தூள் போட்டு நாலு தடவை தேய்த்துவிட்டால் வாசனைகூட மிஞ்சாது. சமையல்காரர் போய்விட்டார். இனி அந்தச் சிவப்பு டேப்புக்கே வேலை இல்லை. மூன்று வருஷச் சண்டையில் அவள் ஜெயித்துவிட்டாள். அந்த நினைப்பு வந்ததற்காகவும் தன்மேல் ஒரு பங்கு கூடுதலாகக் கோபம் வந்தது.

பின்வாசலுக்குப் போனாள். சந்தில் கவிழ்த்த பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து சமையல்காரர் வேலைச் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அச்சடித்த அட்டை பக்கத்தில் கிடந்தது, இப்போது கசங்கியிருந்தது.

"தம்பி, உன் மேல தப்பில்ல. என் கையிலதான் களிம்பு இருந்திருக்கு. நான் பாக்கல."

அவர் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார். வெடிப்புகளைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"நாப்பது பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தினீங்க. இப்ப கதவுக்குப் பின்னாடி வந்து காதும் காதும் வெச்ச மாதிரி சொல்றீங்களா?"

"அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"தெரியாதா உங்களுக்கு? அந்தக் குரல் இப்ப எங்க போச்சு?"

அக்கா திரும்பி விடுவிடுவென்று சமையல்கட்டைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். பீப்பாய் பக்கத்தில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்து மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பேச்செல்லாம் நின்றது. ஒரு தட்டில் இருந்த கிளாஸ்கள் கிடுகிடுத்தன.

"நான் சொன்னது தப்பு. சமையல்காரர் ஒண்ணும் பண்ணல. பசை என் கையில. கிளாஸ் கழுவுறவ நான், களிம்பு தடவினவளும் நான், பாக்காம அடுக்கி வெச்சவளும் நான். அவர் மேல பழி போட்டதும் நான்தான்."

முதலாளி ஓடி வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். "விடுங்கக்கா. ஆனது ஆயிடுச்சு. வந்தவங்க முன்னாடி எதுக்கு? உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்று கிசுகிசுத்தார்.

"அவரை உள்ள கூட்டிட்டுப் போயா வெளிய அனுப்பினீங்க? இங்கதானே அனுப்பினீங்க? இங்கயே கூப்பிடுங்க." கையை உதறிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேராக விரித்தாள். "எதுக்குக் களிம்பு தடவினேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? பாருங்க. நல்லாப் பாருங்க. மூணு வருஷமாக் கேட்டேன், என் கைக்கு ஏத்த மாதிரி ஒரு கையுறை. களிம்பு என் தப்பு. ஒத்துக்கிறேன். இந்த வெடிப்பு யாரு தப்பு?"

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுத் தன் கிளாஸை மெதுவாக மேசைமேல் வைத்தார். முதலாளி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த அப்ரனை எடுத்துக்கொண்டு அவரே சந்துக்குப் போனார்.

சமையல்காரர் வந்தார். அப்ரனைக் கட்டிக்கொண்டார். அக்காவைத் தாண்டும்போது நிற்காமலே, "வேலை விஷயம் பேசலாம். மத்தபடி நீங்க யாரோ நான் யாரோ" என்றார். அவள் தலையாட்டினாள். அது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது.

ஆனால் பிரச்சினை அப்படியே கிடந்தது. நாற்பத்தெட்டுக் கிளாஸ். அக்கா கையில் மெழுகு. எவ்வளவு தேய்த்தும் வெடிப்புக்குள் இறங்கியது வருவேனா என்றது. சமையல்காரர் அடுப்பை விட்டு நகர்ந்தால் பூசணி கருகிவிடும். வாத்தியார் பீப்பாயை விட்டு அசைய முடியாது. முதலாளியின் மனைவி தனியாளாகக் கூடம் முழுக்கச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, யார் மேல தப்போ அவங்க வீட்டுக்குப் போகணும்னு சொல்லியிருந்தேன்..." என்று இழுத்தார்.

"சொன்னீங்க. நான் போறேன்" என்றாள் அவள். அப்ரன் முடிச்சில் கையை வைத்தாள்.

சமையல்காரர் வாணலியை ஆட்டிக்கொண்டே, இந்தப் பக்கம் திரும்பாமல், "போங்க. அப்புறம் இதையெல்லாம் யாரு கழுவுறது?" என்றார். பிறகு ஒரு எட்டு வைத்து, அந்தப் பெரிய கையை அலமாரிமேல் நீட்டி, தூசி படிந்த பெட்டியைத் தட்டி இறக்கினார். ஒரு ஜோடி கையுறையை உருவினார். அக்காவிடம் கொடுக்கவில்லை, முதலாளியின் கையில் வைத்தார். "உங்க சைஸ்தானே, போட்டுப் பாத்து வாங்கினது?"

முதலாளி கையுறையைப் பார்த்தார். கூடத்திலிருந்து யாரோ, "பீர் வருதா, இல்லையா?" என்று கத்தினார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டார். அளவெடுத்த மாதிரி இருந்தது.

"சரி, சரி. யாரும் எங்கயும் போக வேணாம். திங்கக்கிழமை சின்ன சைஸ் வாங்கிடுறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் கிளாஸைத் தண்ணீருக்குள் விட்டார். தேய்த்தார். அலசினார். பக்கத்தில் கிடந்த துணியை எடுக்கப் போனார்.

"துணியத் தொடாதீங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வாணலி ஆடுவது ஒரு கணம் நின்றது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். "தூக்குங்க. வெளிச்சத்துக்கு நேராத் தூக்குங்க."

தூக்கினார். ஓரத்தில் இரண்டு சொட்டு நின்றது.

"மறுபடி" என்றாள்.

அவர் மறுபடி கழுவித் தூக்கினார். இப்போது ஒரே ஒரு சொட்டு. அதை அவர் பார்க்காத மாதிரி வலைமேல் கவிழ்க்கப் போனார்.

"மறுபடி."